குறிப்புக் கட்டம்

பணகுடிக்குத் தெற்கே, நாலுவழிச் சாலையிலிருந்து
ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே
எங்கள் கன்ட்ரோல் ரூம்.
நாற்பத்திரண்டு காற்றாலை, பதினோரு பேர்,
ஒரு நீள நோட்டு.
நோட்டு என் பொறுப்பு.

தேதி, டவர் எண், ஏறிய இருவர், இறங்கிய நேரம்.
கடைசியில் குறிப்பு.
கோமதிநாயகம் சார் இருந்த மூன்று வருஷமும்
அந்தக் கட்டத்தில் ஒரே சொல்.
சரி.
சரி.
சரி.
தள்ளிப் பிடித்துப் பார்த்தால் எறும்புச் சாரை.

பதினேழாம் டவர் ஆனிக் காற்றில்
பல்வலிக்காரன் மாதிரி ராவெல்லாம் முனகும்.
அதற்கும் சரி.

முன்பு ஒரு தடவை எவனோ எழுதியிருந்தான்:
'பதினேழில் ஆயில் ஒழுகுது.'
"ஏறினது ரெண்டு பேரு. எழுதினது எவன்லே?"
யாரோ சொல்லிவிட்டார்கள்.
தங்கப்பழத்துக்கு இரண்டு நாள் சம்பளம் போயிற்று.
அதன்பிறகுதான் எறும்புகள் வந்தன.

சார் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
அதே தங்கப்பழம் மகளின் காதுகுத்துக்கு
அரைப்பவுன் எடுத்து வந்தவர்.
மாதம் ஒன்றாம் தேதி சென்னையிலிருந்து போன் வந்தால்
நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார்,
இடது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கும்.
அந்தத் திருகல்தான் இறங்கி இறங்கி
எங்கள் பேனா வரைக்கும் வந்தது.

வைகாசியில் பிளாவியா மேடம் வந்தார், உவரிக்காரி.
முதல் நாள் பெண்கள் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.
நாலாம் நாள் நோட்டை வாங்கி அவரே எழுதினார்:
'முப்பத்தெட்டை நிறுத்துவதற்குப் பதில்
இருபத்தெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.
நல்ல காற்றில் ஐம்பது நிமிடம் வீண்.
தவறு என்னுடையது. பிளாவியா.'

நம்பிராஜன் வாசித்துவிட்டுச் சொன்னான்:
"பொறி வைக்காவ. எலி நாமதான், பாத்துக்கோ."

இரண்டு வாரம் எறும்புகள் கலையவில்லை.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பென்சிலில்,
நகக்கண் அளவு எழுத்து:
'ஒன்பதில் ஏணி மூணாவது கிளாம்ப் ஆடுது.'
யார் எழுதியது என்று மேடம் கேட்கவில்லை.
கிளாம்ப் என்ன அளவு என்று கேட்டார்.
வியாழக்கிழமை கிளாம்ப் வந்தது.

ஆடி பிறந்தபோது பென்சில் பேனாவாகியிருந்தது.
கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்கள்,
சண்டை போட்டு எழுதினார்கள்,
ஒருவன் படமே வரைந்திருந்தான்.

சென்னை போன் செய்தது.
போன மாசம் வரை பழுதே இல்லை,
இப்போது நூற்றுப் பன்னிரண்டு, என்னம்மா செய்கிறாய் அங்கே?
ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே கேட்டார்.
"பழுது அம்புட்டும் பழசு சார். எழுத்துதான் புதுசு."
அந்த வருஷம் அவருக்கு இன்க்ரிமென்ட் வரவில்லை.

நம்பிராஜன் இன்றைக்கும் சரிதான் எழுதுகிறான்.
எந்தக் காற்றுக்கும் முகம் திருப்பாத டவர்
எங்கள் காட்டிலும் ஒன்று உண்டு.
அதற்கும் கிரீஸ் போடத்தான் செய்கிறோம்.

ஆவணியில் பதினேழைத் திறந்தார்கள்.
கியர்பாக்ஸுக்கு அடியில் அடுக்கடுக்காய்
பழைய கட்டம்போட்ட சாரம், கிழித்து மடித்து,
ஆயில் குடித்துக் கனத்து.
மூன்று வருஷமாக ஏறும்போதெல்லாம்
வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுபோய்
ஒழுகுவதற்குக் கீழே வைத்திருக்கிறான் தங்கப்பழம்.
எந்த சாருக்காகவும் இல்லை, மேடத்துக்காகவும் இல்லை.
கேட்டதற்கு, "பாவம், அது என்ன செய்யும்" என்றான்,
மெஷினை.

பதினோரு பேர் கையெழுத்தும் எனக்குத் தெரியும்.
'ழு' வந்தால் வாலை
அடுத்த கோடு வரைக்கும் இழுத்துவிடுகிறவன் ஒருத்தன்தான்.

புரட்டாசி இருபது. காற்று இறங்கிவிட்டது.
ராத்திரி ஷிப்டில் நான் மட்டும்.
டவர் எண்ணில் கோடு போட்டேன்.
ஏறியவர் கட்டத்திலும் கோடு.
குறிப்பில் எழுதினேன்:
'அன்றைக்கு சாரிடம் சொன்னது நான். உலகம்மாள்.'

பென்சிலில்தான்.
ரப்பர் மேஜைமேலேயே இருக்கிறது.
காலை ஆறு மணிக்கு
நோட்டைத் திறக்கிற முதல் ஆள் தங்கப்பழம்.